கலப்படத்திலிருந்து நாகரிகத்துக்கு

காலையில் பிரித்த காபித்தூள் பாக்கெட்டில் பொன்னிற எழுத்தில் ‘சோஃபிஸ்டிகேட்டட்’ சுவை என்று போட்டிருந்தது.

நயம், நாகரிகம், உயர்ந்த ரசனை. இன்று அந்தச் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் இதுதான். ஆனால் பல நூற்றாண்டுகள் அது கலப்படத்தைக் குறித்த சொல்!

வேர் கிரேக்கம். ‘சோஃபியா’ என்றால் ஞானம். ஏதென்ஸில் காசு வாங்கிக்கொண்டு வாதத்திறமை கற்றுக்கொடுத்த சோஃபிஸ்டுகளை பிளேட்டோ கடுமையாகச் சாடினார். அவர்கள் பெயரே போலி வாதத்துக்கு அடையாளமாகிவிட்டது. அப்புறம் இடைக்கால லத்தீனில் சரக்கில் கலப்படம் செய்வதற்கும் அதே வேரிலிருந்து வினைச்சொல் வந்தது.

1820-ல் லண்டனில் பிரெட்ரிக் அக்கும் என்ற ஜெர்மன் வேதியியலாளர் உணவுக் கலப்படம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ரொட்டி, தேயிலை, காபி, மிளகு என்று தலைப்புப் பக்கத்திலேயே அடுக்கி, அவற்றில் நடக்கும் மோசடியை ‘சோஃபிஸ்டிகேஷன்’ என்றே எழுதினார். பாலாடைக்கட்டிக்கு நிறம் கூட்ட ஈயச் செந்தூரம். ஊறுகாய் பச்சைப்பசேல் என்று தெரியச் செம்பு. படித்தபோது வயிறு கலங்கியது.

19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் ‘வெகுளித்தனம் நீங்கியவர், உலகம் தெரிந்தவர்’ என்று அது பாராட்டாகத் திரும்பியது.

எனக்கு அக்கும் பயன்படுத்திய பொருள்தான் பிடித்திருக்கிறது. கலப்படத்துக்காகத் தண்டனை பெற்ற வியாபாரிகளின் பெயர்களையும் அவர் அந்தப் புத்தகத்தில் அச்சிட்டார்.