கையால் வாசித்த விடுமுறை

2024 ஆகஸ்ட் 17, சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார். நல்லூர்த் தேருக்கு முன் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று வாசற்படி ஏறும்போதே சொல்லிவிட்டார். இருக்கும் நாட்களை வீணாக்கக் கூடாதென்று இன்று காலையே கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு முச்சக்கர வண்டியில் ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பெரியவள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிரித்தானியர் எடுத்துப்போய் 1934இல் திருப்பித் தந்தது என்று அவளுடைய அப்பா சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கால் ஊன்றி நின்றது காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்தான்.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்த கல் அது. அதில் குறித்திருக்கும் ஆண்டு 1409. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. காலியில் மறைந்து கிடந்ததை 1911இல்தான் கண்டெடுத்தார்கள். "அம்மா, தமிழ் எங்கே? எனக்குத் தெரியவில்லையே" என்று எட்டி எட்டிப் பார்த்தாள். எழுத்து அவ்வளவு தேய்ந்திருக்கிறது. சின்னவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேரே கையை நீட்டிவிட்டான். காவலர் ஓடிவந்து தடுத்தார், கடிந்துகொள்ளவில்லை. அவர் செய்தது சரி. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகள் தடவினால் எந்தக் கல் தாங்கும்? ஆனாலும் வீடு வரும்வரை சின்னவன் அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள், நிகினிப் போயா (பௌர்ணமி விடுமுறை)

வெளியே எங்கும் போகவில்லை. மேசையில் பத்து ரூபாய் நாணயக் குற்றிகளைப் பரப்பி, மேலே மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். கல்வெட்டுகளைப் படி எடுப்பதும் ஏறக்குறைய இந்த வழிதான். அங்கே ஈரத்தாளும் மையும், இங்கே பென்சில். முதலில் வெறும் கறுப்பு. பிறகு ஒரு வளைவு, ஒரு கொம்பு, 'ரூபாய்' என்று எழுந்து வந்தது. "இதிலும் மூன்று மொழி!" என்று பெரியவள் கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். மாலைக்குள் கதவுப் பூட்டு, செருப்பின் அடி, வாழையிலை நரம்பு என்று வீடு முழுவதும் தாளில் ஏறியிருந்தது.

இரவு, பிள்ளைகள் தூங்கிய பின் கொஞ்சம் வாசித்தேன். சிறுவருக்கென்றே அமைந்த முதல் அருங்காட்சியகம் 1899இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. 1913இல் பொஸ்டன். அந்த பொஸ்டன் அருங்காட்சியகத்துக்கு 1962இல் இயக்குநராக வந்த மைக்கல் ஸ்பொக், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். சிறுவயதில் வாசிக்கப் பெரும் பாடுபட்டவராம். எழுத்து பிடிபடாத பிள்ளைக்குப் பொருள் பிடிபடும் என்பதைத் தன் உடம்பாலேயே அறிந்திருந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சின்னவனும் 'க'வுக்கும் 'த'வுக்கும் இடையில் இன்னும் திண்டாடுகிறவன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஒரு மண்டபத்தில் சிறுவருக்கான அறிவியல் கண்காட்சி நடப்பதாக மேல்மாடி அக்கா சொன்னார். வாசலிலேயே 'தொட்டுப் பாருங்கள்' என்று மும்மொழியிலும் எழுதியிருந்தது. சின்னவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "தொடலாம் ராசா" என்றேன். அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

காற்றூதியின் மேல் பந்து அந்தரத்தில் நின்றது. சுழலும் முக்காலியில் உட்கார்ந்து கையை விரித்தால் வேகம் குறைகிறது, நெஞ்சோடு அணைத்தால் கூடுகிறது. பெரியவள் ஏழு தடவை சுற்றினாள். ஆனால் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது நீண்ட பலகைதான். தாங்குகோலுக்கு இப்பக்கம் இரண்டடியில் அப்பா உட்கார்ந்தார், 72 கிலோ. அப்பக்கம் ஒன்பதாவது அடியில் 18 கிலோச் சின்னவன். அவன் ஏறி உட்கார்ந்ததும் அப்பா மேலே போனார்! எட்டடியில் சமநிலை, அதைத் தாண்டினால் பிள்ளை வெல்வான், கணக்கு அவ்வளவுதான். அவன் முகத்தில் வந்த மலைப்பை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

விளக்கப் பலகையில் 'நெம்புகோள்' என்று போட்டிருந்தார்கள். "கோள் என்றால் கிரகம் அல்லவா?" என்று பெரியவள் குழம்பிவிட்டாள். எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வந்தன. பிள்ளைகள் முதன்முதலாக ஒரு சொல்லைச் சந்திக்கும் இடத்தில் அந்தச் சொல் சரியாக இருக்க வேண்டாமா? பொறுப்பாக நின்ற தம்பிக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் உடனே ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் கொண்டுவந்து, "நீங்களே எழுதித் தாருங்கள்" என்றார். 'நெம்புகோல்' என்று பெரிதாக எழுதினேன். எங்கள் கண்முன்னேயே ஒட்டினார். நல்ல பிள்ளை.

அதுவரை நாற்காலியில் இருந்த அம்மா எழுந்து வந்து பலகையின் நீண்ட பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இது எங்கள் துலா அல்லவா?"

ஊரில் கிணற்றடியில் ஆடுகால் என்ற தாங்குமரத்தின் மேல், நீர் இறைக்கும் நீண்ட மரம்தான் துலா. வீட்டுத் துலாவுக்கு அடிப்பக்கம் கல் கட்டியிருக்கும். நிறைந்த வாளியைத் தூக்குவது அந்தக் கல்தான், நாம் கொடிக்கயிற்றை வழிப்படுத்தினால் போதும். தோட்டக் கிணற்றில் அம்மாவின் அப்பு துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார், சின்னையா நீர் அள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். சொல்லிக்கொண்டே அம்மா பலகையின் ஓரமாக இரண்டு அடி வைத்துக் காட்டினார், மிதிக்கிறவர் எந்த இடத்தில் திரும்புவார் என்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சுற்றி நின்றுவிட்டார்கள். நாற்பது வயதாகிறது எனக்கு. துலாவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்றுதான் முழுதாக விளங்கியது.

ஆகஸ்ட் 24, சனி

அம்மாவுக்கு நாளை காலை பயணம். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். பெரியவள் இன்னும் தேய்க்கும் வெறி அடங்காமல் அடுப்படியில் புகுந்து, என் கல்யாணத்துக்கு அம்மா தந்த பித்தளைச் செம்பை எடுத்துவந்தாள். பன்னிரண்டு வருடமாகப் புளி போட்டுத் துலக்குகிறேன். வழவழவென்று மின்னும், வேறொன்றும் அதில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். கழுத்தடியில் விரலை ஓட்டியவள், "இங்கே ஏதோ சொரசொரக்கிறது" என்றாள்.

தாளைச் சுற்றிப் பிடித்தேன். அவள் தேய்த்தாள். புள்ளி புள்ளியாக ஒரு 'ஆ', ஒரு நிறுத்தற்குறி, பாதி அழிந்த ஒரு 'க'. சின்னவன்தான் முந்திக்கொண்டு "க!" என்றான், தயங்காமல்.

அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. செம்பை வாங்கி, அந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டார்.

"அப்புவின் பெயர்" என்றார்.