10, 5, 44, 3: குரோஷியாவில் திராஜென் பெத்ரோவிச்சைத் தேடி

குரோஷியாவின் கடற்கரை ஊரான ஷிபெனிக்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராக செயின்ட் ஜேம்ஸ் பேராலயத்துக்குப் போவார்கள். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தக் கல் கட்டடத்தை அவசியம் பார்க்கவேண்டும். ஆனால் நான் அந்த ஊருக்குப் போனது பால்தெகினுக்காக. பழைய நகரத்துக்கு வெளியே இருக்கும் குடியிருப்புப் பகுதி அது. அங்கே ஒரு விளையாட்டரங்கமும், பக்கத்தில் திறந்தவெளி ஆடுகளமும் இருக்கின்றன. 2011இல் அங்கே ஒரு சிலை வைத்தார்கள். பெஞ்சில் பந்தோடு உட்கார்ந்திருக்கும் இளம் திராஜென் பெத்ரோவிச், குரோஷியாவின் கூடைப்பந்து நாயகன்.

1964இல் இந்த ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில் விடியற்காலையிலேயே வந்து நூற்றுக்கணக்கில் பந்தெறிந்து பழகுவாராம். அந்தப் பழக்கம் என்ன கொடுத்தது என்பதை 1983இல் ஊரே பார்த்தது. குரோஷியா அப்போது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. யூகோஸ்லாவிய லீக்கின் முடிவை நிர்ணயிக்கும் ஆட்டம், இதே பால்தெகின் அரங்கில். உள்ளூர் அணியான ஷிபென்காவுக்கு ஆடினார். சரயேவோவின் போஸ்னா அணி ஒரு புள்ளி முன்னால். நேரம் முடிகிற கட்டத்தில் 18 வயதுப் பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி தரும் வீச்சு. இரண்டையும் போட்டார். ஷிபென்கா 83, போஸ்னா 82.

ஆனால் நடுவர் தீர்ப்பில் முறைகேடு என்று சொல்லிக் கூட்டமைப்பு அந்த வெற்றியை ரத்து செய்தது. நோவி சாதில் மறுபடி ஆடச் சொன்னார்கள். ஷிபென்கா போக மறுத்தது, கோப்பை போஸ்னாவுக்குப் போனது. ஜெயித்த கையோடு பறிபோனதை அந்த வயதில் எப்படித் தாங்கினாரோ.

ஷிபெனிக்கிலிருந்து பஸ் பிடித்து ஸாக்ரெப். நீல நிற டிராமில் சாவ்ஸ்கா சாலைக்குப் போனால் அவர் பெயரிலேயே ஒரு சதுக்கம், அவர் பெயரிலேயே சிபோனா அணியின் அரங்கம், 2006இல் திறந்த அவருடைய அருங்காட்சியகம், எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். கோப்பை, பந்து, காலணி என்று நிறைய உண்டு. நான் அவருடைய வாழ்க்கையை ஜெர்சி எண்களாகத்தான் மனதில் அடுக்கிக்கொண்டேன்.

10 என்றால் சிபோனா. அண்ணன் அலெக்ஸாந்தரும் அங்கே ஆடினார். 1985, 1986 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். 1985 அக்டோபரில் ஒலிம்பியா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 112 புள்ளிகள் எடுத்தார். எதிரணி அன்று இளம் ஆட்டக்காரர்களையே இறக்கியிருந்தது, அதனால் அந்த 112ஐ நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். அதே ஆட்டத்தில் 22 ஃப்ரீ த்ரோக்களில் 22ஐயும் போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிது. அதில் எதிரணியின் பலவீனத்துக்கு எந்தப் பங்கும் இல்லையே.

5 ரியல் மாட்ரிட். ஒரே சீசன்தான். 1989இல் ஏதென்ஸ் நகரில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியின் கசெர்தா அணிக்கு எதிராக 62 புள்ளிகள். கூடுதல் நேரம் வரை போன ஆட்டம் அது, 117–113.

அப்புறம் 44, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் போர்ட்லாண்ட் ட்ரெயில் பிளேசர்ஸ். இந்த எண்ணைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் 62 எடுத்துவிட்டு வந்தவருக்கு என்.பி.ஏ. முதல் சீசனில் ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்தது சராசரியாக 13 நிமிடத்துக்கும் குறைவு. அவருடைய இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லர், டெரி போர்ட்டர் என்று அசைக்கமுடியாத ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அடுத்த சீசனில் அதுவும் குறைந்தது. பல ஆட்டங்களில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்பியிருந்தால் ராஜமரியாதை காத்திருந்தது. அவர் கேட்டதோ, ஆட வாய்ப்புத் தரும் வேறொரு என்.பி.ஏ. அணி. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அங்கே தாக்குப்பிடிப்பார்களா என்று சந்தேகப்பட்ட காலம் அது. 62 எடுத்த இரவைவிட இந்த முடிவில்தான் அவருடைய உயரம் தெரிகிறது என்பேன்.

1991 ஜனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸ், எண் 3. அடுத்த முழு சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 20.6 புள்ளிகள், அதற்கடுத்த 1992-93இல் 22.3. மூன்று புள்ளி வீச்சுகளில் ஏறக்குறைய 45 சதவீதம் கூடைக்குள் போனது. இத்தனைக்கும் அந்த ஆண்டு லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவரை எடுக்கவில்லை. சீசன் முடிவில், லீக்கின் சிறந்த பதினைந்து பேரை மூன்று அணிகளாகப் பட்டியலிடும் ஆல்-என்.பி.ஏ.வின் மூன்றாம் அணியில் சேர்த்தார்கள். நடுவில், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், புதிதாகப் பிறந்த குரோஷியாவுக்கு வெள்ளி. இறுதியாட்டத்தில் என்.பி.ஏ. நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்காவின் ட்ரீம் டீமிடம் தோற்றார்கள், ஆனால் பெத்ரோவிச் மைக்கேல் ஜோர்டனுக்கு எதிரே நின்று 24 புள்ளிகள் எடுத்தார்.

1993 ஜூன் 7. போலந்தில் தேசிய அணிக்காக ஆடிவிட்டு, அணியோடு விமானத்தில் ஏறாமல் காரில் வந்தார். ஜெர்மனியில், பவேரியா நெடுஞ்சாலையில், மழையில் லாரியோடு மோதிய விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. நெட்ஸ் அந்த 3ஐ வேறு யாருக்கும் தருவதில்லை. 2002இல் அமெரிக்காவில் கூடைப்பந்து மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

அவரை அடக்கம் செய்த மிரொகோய் கல்லறைத் தோட்டத்துக்கு நகர மையத்தில் கப்தோல் பகுதியிலிருந்து பஸ் உண்டு. முதலில் அருங்காட்சியகம், அப்புறம் மிரொகோய் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்கலாம். கூட வருகிறவருக்குக் கூடைப்பந்தில் ஆர்வமில்லையா, அருங்காட்சியகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் அதே சாவ்ஸ்கா சாலையில் நிகோலா டெஸ்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அவரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் இங்கே தாராளமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.