கரைக்குக் கீழே யார்?

அந்தச் சின்ன அணையை முதல் தடவை பார்வையிட்டபோது படிவத்தில் 'குறைந்த ஆபத்து' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், பழைய படிவத்தைப் பார்த்துக் காப்பியடித்தேன். எனக்கு முன்னால் போனவரும் அதையேதான் செய்திருப்பார். எட்டு மீட்டர் உயர மண்கரை, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. உலக அளவில் பொதுவாக 15 மீட்டர் உயரம் இருந்தால்தான் 'பெரிய அணை'. கொள்ளளவு 30 லட்சம் கனமீட்டரைத் தாண்டினால் 5 மீட்டர் உயரமே போதும். இரண்டிலும் சேராதவைதான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றைக் கவனிக்கத்தான் ஆள் இருப்பதில்லை.

மூன்று வருடம் கழித்து மறுபடி போனேன். கலிங்கில் மீன் தப்பிப் போகாமலிருக்க யாரோ வலை கட்டியிருந்தார்கள், அதில் செத்தையும் சருகும் அடைந்து கிடந்தன. பெருமழையில் உபரிநீர் அந்த வழியாகப் போக முடியாவிட்டால் கரைமேல் ஏறி வழியும். மண்கரை அதைத் தாங்காது, அறுத்துக்கொண்டு போய்விடும். வலையை அங்கேயே அவிழ்க்கச் சொன்னேன்.

அப்புறம் கரையின் பின்பக்க அடிவாரம். ஓரிடத்தில் மட்டும் புல் வெயிலிலும் பச்சையாக இருந்தது. கிட்டே போனால் செருப்பு புதைந்தது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறதா என்பதுதான் கேள்வி. கொண்டுவந்தால் கரைக்குள் குடைந்து குழாய் மாதிரி வழி உண்டாகிறது என்று அர்த்தம். பாட்டிலில் நீரைப் பிடித்து ஒரு கல்லின் மேல் அசையாமல் வைத்தேன். அரை மணி நேரம் ஆகியும் அடியில் வண்டல் தங்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஓடை திரும்பும் இடத்தில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. போன தடவை அங்கே வெறும் புதர்.

படிவத்தில் 'உயர் ஆபத்து' என்று மாற்றியதும் கரையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கரை நல்லாத்தானே சார் இருக்கு? இப்பத்தானே தண்ணியப் பிடிச்சுப் பார்த்தீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பெயரே குழப்புகிற பெயர். கரை எவ்வளவு உறுதி என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆபத்து வகை என்பது, உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கிறது. அமெரிக்க முறையில், உடைந்தால் ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் 'உயர்'; உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சாலைக்கும் சொத்துக்கும் பெரிய சேதம் என்றால் 'நடுத்தரம்'. புத்தம் புதிய கரையும் 'உயர்' ஆகலாம். காட்டுக்குள் இருக்கும் ஓட்டைக் கரை 'குறைந்த' வகையிலேயே கிடக்கலாம். கலிங்கு எவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையைப் பொறுத்தே முடிவாகிறது.

ஹவாயின் காவாய் தீவிலிருந்த கா லோகோ அணை 'குறைந்த ஆபத்து' பட்டியலில்தான் இருந்தது. 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேரை அடித்துக்கொண்டு போனது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர்தான். 1977 நவம்பர் 6 அன்று நள்ளிரவு தாண்டி உடைந்தது; கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே ஓடையோரமாகக் கீழே நடந்தோம். நான் நான்கு வீடு என்று குறித்தேன். அவர் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"அஞ்சுன்னு போடுங்க சார். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என் மச்சான் அஸ்திவாரம் போட்டிருக்கான்."