கச்சான் காலக் குறிப்புகள்

ஜூன் 3
அம்மாவின் மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை; அதற்குத் திட்டம் போடும் ஸ்கேன் எடுத்தாயிற்று. அவரின் இடுப்பில் இடம், வலம், நடு என்று மூன்று புள்ளிகள் பச்சை குத்தி விட்டார்கள். கடுகளவுகூட இல்லை. அறைச் சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் தினமும் அந்தப் புள்ளிகளில் வந்து விழ வேண்டுமாம். "இந்த வயசில பச்சை குத்திப்போட்டாங்கள்" என்று பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 5
சிகிச்சை தொடங்க ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரவில்லை.

ஜூன் 8
இன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்த பிறகும் ஏன் இத்தனை நாள்? கட்டி என்ன காத்துக்கொண்டா இருக்கும்?

இடைவேளையில் டொக்டருக்கு எடுத்தேன். பொறுமையாகச் சொன்னார். ஸ்கேனின் ஒவ்வொரு தட்டிலும் கையால் வரைய வேண்டும்: மலக்குடல் கட்டி, அதைச் சுற்றியுள்ள கொழுப்பு, இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்கள். காப்பாற்ற வேண்டியவற்றையும் வரைய வேண்டும்: சிறுகுடல், சிறுநீர்ப்பை, தொடை எலும்பின் தலை. "வரைஞ்சதை இன்னொரு டொக்டர் பார்க்காமல் நாங்கள் துவங்கிறதில்லை, டீச்சர்." கோடு கொஞ்சம் உள்ளே போனால் நோய் தப்பிவிடும், வெளியே போனால் குடல் வேகும்.

அந்த இன்னொரு டொக்டர் யார்? லீவில் இருக்கிறாரா? கேட்டிருக்கலாம்.

ஜூன் 9
இரவு நித்திரை இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று யன்னலை அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கேன் அன்று ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளர் தம்பி சொன்னது திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. அம்மாவைப் படுக்க வைக்கும் முன், அவருக்கு வகுத்த அதே கதிர்த் திட்டத்தை ஆளில்லாமல் ஒரு கருவியின் மேல் ஓட்டிப் பார்ப்பார்களாம். கணினி சொன்ன அளவும் கருவி காட்டிய அளவும் ஒத்துப்போக வேண்டும். இது போக, தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் மெஷினின் கதிர் அளவைப் பார்ப்பார்கள். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்று யாரையும் உள்ளே எடுக்க மாட்டார்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் சொல்வதுதான்: திருகுக் கணிச்சியைக் கையில் எடுத்தால் முதலில் பூச்சிய வழுவைப் பார். அப்புறம்தான் கம்பியை வை. அதைச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று அறிந்ததில் எவ்வளவு ஆறுதல்.

ஜூன் 12
வாசிக்கக் கூடாது என்று அக்கா சொல்லியும் வாசித்தேன். குதவாய்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஆர்டிஓஜி 0529 என்று ஓர் ஆய்வு, 2013இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரிகள் அனுப்பிய திட்டங்களை ஒரு மையக் குழு சிகிச்சைக்கு முன் பார்த்தது. முதல் பார்வையில் 81 சதவீதத்துக்குத் திருத்தம் தேவைப்பட்டது. எண்பத்தொன்று! கை நடுங்கியது. அவர்களெல்லாம் தேர்ந்தவர்கள். அம்மாவின் நோய் வேறு இடம், ஆனால் இடுப்பு அதே இடுப்புதானே.

பின்னேரம் திருகோணமலை டச்சுக் குடாக் கரையில் நடந்தபோதுதான் மனம் தெளிந்தது. அந்தத் திட்டங்களை யாரோ பார்த்தார்கள், திருத்தினார்கள், அதற்குப் பிறகுதான் நோயாளி படுத்தார். அந்த நாட்களைத்தான் நான் "தாமதம்" என்று திட்டிக்கொண்டிருந்தேன். எடுக்கட்டும். வேண்டிய நாளை எடுக்கட்டும்.

மாலை ஐந்தே காலுக்கு அழைப்பு வந்தது. திங்கள் தொடக்கம்.

ஜூன் 15
மொத்தக் கதிர் அளவு 50.4 கிரே; 28 நாள் பங்கு, ஒரு பங்கு 1.8 கிரே. காலையும் மாலையும் கெபசிற்றபின் என்ற புற்றுநோய் மாத்திரை. கிழமை நாட்களில் அம்மா சின்னம்மா வீட்டில், நான் இங்கே. போனில் "ஒண்டும் தெரியேல்ல பிள்ளை, படுத்தன், எழும்பினன்" என்றார்.

ஜூன் 17
தண்ணீர்ப் பிரச்சினை. போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லீற்றர் குடித்து, அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். பை நிரம்பினால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிர்ப் பாதையை விட்டு விலகும். ஸ்கேன் அன்று நிரம்பியிருந்த மாதிரியே தினமும் நிரம்ப வேண்டும். இன்று அம்மா வெட்கத்தில் குறைவாகக் குடித்திருக்கிறார். படம் எடுத்துப் பார்த்தவர்கள் மேசையிலிருந்து இறக்கி, வெளியே இருத்தி, குடிக்க வைத்து, மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். சின்னம்மாவுக்குக் கோபம். எனக்கு மெஷின் ஓட்டும் அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருக்கிறது. வரிசையில் எத்தனை பேர் காத்திருந்திருப்பார்கள், "பரவாயில்லை" என்று விட்டிருக்கலாமே.

ஜூன் 18
குடித்தார். அரை லீற்றரும்.

ஜூலை 4
சனி. அம்மா வீட்டில். வாசலில் இரண்டு மான்கள் வாழைத்தோலுக்கு நின்றன, அம்மாவே எழுந்து போய்ப் போட்டார். மாமி வந்து, கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணற்றிலும் வார்த்தால் உடம்பு அலுப்புப் போகும் என்றார். கரண்ட் (கதிர்) பிடிக்கிற தோலில் சுடுநீர் படக் கூடாது மாமி என்றேன். முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் முடிந்து தோல் ஆறிய பிறகு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். கன்னத்து எலும்பு தெரிகிறது அம்மாவுக்கு.

ஜூலை 7
இன்று மெஷின் ஓடவில்லை. காலை அளவு சரிவரவில்லையாம், எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 8
இன்றும் இல்லை. அளவு பிழைத்தால் நிறுத்த வேண்டும், சரி. ஆனால் விட்ட நாட்களில் கட்டியின் உயிரணு சும்மாவா இருக்கும்? வகுப்பில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் பாதியில் விட்டு நின்றேன். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போல அறுவைக்கு முன் கதிர் கொடுத்தால் ஐந்து வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதம், பின்னர் கொடுத்தால் 13. அது 2004 ஜேர்மன் ஆய்வு. அந்த ஆறுக்குள் வருவதற்கும் வராமல் விடுவதற்கும் இந்த இரண்டு நாட்கள் காரணமாகுமா?

ஜூலை 9
ஓடுகிறது! விட்டதைச் சனிக்கிழமையில் கொடுப்பார்களாம். தேவைப்பட்டால் ஒரே நாளில் இரண்டு, ஆனால் நடுவே ஆறு மணித்தியாலமாவது இடைவெளி.

ஜூலை 14
வயிற்றோட்டம். பாவாடை நாடா இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது என்று சின்னம்மா சொன்னார். உடம்பு மெலிந்தால் ஸ்கேன் எடுத்த நாளின் உடம்பு இல்லையே அது. திட்டம் இன்னும் பொருந்துமா, எலும்பை மட்டும் ஒப்பிடுகிறார்களா, வயிற்றின் வெளி எல்லையையும் பார்க்கிறார்களா? நாளை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். விடிய முதல் பஸ். கேட்க வேண்டியவை: நிறை எவ்வளவு குறைந்தால் மறுபடி ஸ்கேன், இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, மாத்திரையைக் குறைப்பதா, அந்த இரண்டாவது டொக்டர்