சத்யனைத் தேடி ஒரு வழி: அகஸ்தீஸ்வரம், மயிலாடி, நேமம், தூத்தூர்

கன்னியாகுமரியிலிருந்து அகஸ்தீஸ்வரத்துக்கு ஆட்டோக்காரர் கேட்ட கூலி 300 ரூபாய். தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். பட்டப்பகல் கொள்ளை. சூரிய உதயம் பார்க்க வருகிற கூட்டத்திடம் வாங்கிப் பழகிய கை, உள்ளூர் வழி கேட்கிறவரிடமும் அதையே நீட்டுகிறது. அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம். நாகர்கோவில் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிக் கொட்டாரத்தில் இறங்குங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. கொட்டாரம் சந்திப்பிலிருந்து அகஸ்தீஸ்வரம் நடக்கிற தூரம். வெயில் சுட்டால் அங்கே நிற்கும் ஆட்டோவில், ஏறும் முன்பே, "அண்ணாச்சி, எவ்வளவு?" என்று கேட்டுப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு பேரம் எடுபடாது.

வழித்தடம், செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் எண்ணம். ஆனால் யாருக்காக இந்தப் பாதை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

சத்யன். இப்போதைய தமிழ் நகைச்சுவை நடிகர் அல்ல; மலையாளத் திரையின் சத்யன். முழுப்பெயர் மானுவேல் சத்யநேசன் நாடார். பிறந்தது 1912 நவம்பர் 9, திருவனந்தபுரம் திருமலைக்குப் பக்கத்தில் ஆறாமடை. வித்துவான் தேர்வு எழுதி ஆசிரியரானார். பிறகு தலைமைச் செயலகத்தில் குமாஸ்தா. 1941-ல் பட்டாளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மணிப்பூர், பர்மா, மலேயா என்று அனுப்பப்பட்டார். அங்கே அவர் வைஸ்ராய் கமிஷன் பெற்ற அதிகாரி. அதாவது ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற படிகளில் ஒன்று. சிப்பாய்க்கு மேலே, வெள்ளைக்கார அதிகாரிக்குக் கீழே. மேலிருந்து ஆங்கிலத்தில் வரும் கட்டளையை, கீழே நிற்கும் ஆளின் மொழியிலும் மனசிலும் இறக்கி வைக்கிற வேலை. போர் முடிந்து ஊர் திரும்பித் திருவிதாங்கூர் போலீசில் சேர்ந்தார், ஆலப்புழையில் பணி. சினிமாவுக்கு வந்தது அதற்கும் பிறகுதான். முதலில் நடித்த 'தியாகசீமா' திரைக்கு வரவேயில்லை. 1952-ல் 'ஆத்மசகி' வந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அதே 1952-ல் நம் 'பராசக்தி' வெளியானபோது சிவாஜிக்கு 24. இந்த இரண்டு வயதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கறுப்பு நிறம், உயரமும் கிடையாது, இளமையும் போயாச்சு. அப்படி ஒருவர் கதாநாயகனாகி, 1971-ல் சாகும் வரை மலையாளத்தின் முதல் வரிசையில் நின்றார்.

இவருக்கும் குமரி மாவட்டத்துக்கும் என்ன என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பயணம். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்தவை. சத்யன் படித்ததும், வேலை பார்த்ததும், போலீஸ் உடுப்புப் போட்டதும், நடிக்க வந்ததும் அந்த ஒரே நாட்டில். மலையாள சினிமா வரலாற்றைத் திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு பார்ப்பதைவிட, தெற்கே இருந்து, மயிலாடி வழியாக மேலே ஏறிப் பார்த்தால்தான் அது பிடிபடும். இது என் உறுதியான கருத்து.

அகஸ்தீஸ்வரம் அதற்குச் சரியான தொடக்கம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் பிறந்த ஊர். சொத்தை விற்றுப் படம் எடுத்தார். அதில் நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதால் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். டேனியல் பல் மருத்துவராக வாழ்ந்து, 1975-ல் இதே ஊரில் வறுமையில் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது தொடங்கியது 1992-ல்தான். சத்யனுக்குக் கிடைத்த திரை டேனியலின் கைக்காசில் கட்டிய அஸ்திவாரத்தின் மேல் நின்றது. இங்கே பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் வைத்திருக்கவில்லை. அரை மணி நேரம் போதும்.

மயிலாடிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி, லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில், மயிலாடி மகராசன் வேதமாணிக்கம் அழைத்ததன் பேரில் வந்து இறங்கிய ஊர். எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து தென் திருவிதாங்கூரில் ஊன்றியது இங்கேதான். பள்ளிக்கூடம், எழுத்து, அரசாங்க வேலை என்று இந்தப் பகுதி மக்களில் ஒரு பெரும் பகுதி ஏறி வந்த படிக்கட்டு அது. ஆசிரியர் வேலை, குமாஸ்தா வேலை, பட்டாளம், போலீஸ் என்று சத்யன் வாழ்க்கையில் வரும் ஒவ்வொரு படியும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அத்துப்படி. தாத்தா வாத்தியார், மாமா பட்டாளத்துக்காரர் என்று சொல்லாத வீடு குறைவு. சினிமா என்ற கடைசிப் படிதான் சத்யன் தனியாக வைத்தது. மயிலாடியில் தெருவெல்லாம் உளிச் சத்தம் கேட்கும், கல் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். பட்டறைகளில் பார்க்கவிடுவார்கள். கல் தூசி பறக்கும், ஒரு துவர்த்து (துண்டு) கையில் இருக்கட்டும்.

அங்கிருந்து நாகர்கோவில். தங்குவதானால் இங்கே தங்குங்கள், கன்னியாகுமரியில் வேண்டாம். வார இறுதியிலும் சபரிமலை சீசனிலும் கன்னியாகுமரி அறை வாடகை தாறுமாறாக ஏறும். சத்யன் பிறந்த நாளான நவம்பர் 9 ஒட்டி வருகிறவர்கள் கார்த்திகை பிறப்பதற்கு முன்பே திரும்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நாகர்கோவிலுக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு ஒன்று உண்டு. 'ஆத்மசகி'யைத் தயாரித்த பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். திருவனந்தபுரத்துக்குப் போய்த் தியேட்டர்கள் நடத்தி, நகர மேயராகி, 1950-களின் தொடக்கத்தில் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவை எழுப்பினார். ஆக, நாற்பது வயதுப் போலீஸ்காரரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஒரு நாகர்கோவில்காரர். இதை நாகர்கோவிலிலேயே முக்கால்வாசிப் பேர் அறியாதது வருத்தமான சங்கதி. ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனைக் கொண்டாடுகிறோம், வேண்டியதுதான். சுப்பிரமணியத்துக்கும் அதில் ஒரு பங்கு கொடுங்கள்.

இனி பஸ். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவனந்தபுரம் பஸ் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று போகும். 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் காலை எட்டரைக்கு ஏறினால் பள்ளிக்கூட நேரம், தக்கலையிலேயே நின்றுபோகும். கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் முன்னால் போனால் ஓவர்டேக் எடுக்க இடமே கிடையாது. பின் சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழிக்கும் இடுப்பு பதில் சொல்லும். நான் போன பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஏற முடியாமல் சிக்கியிருந்தது, மழை முழுக்க மடியில். மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பிறகு அந்த ஊர் நெரிசல் குறைந்திருக்கிறது, மற்றபடி ரோடு பழைய ரோடுதான். ஆகவே ரயிலைப் பாருங்கள். நாகர்கோவில் சந்திப்பிலிருந்து பாசஞ்சர் ஏறினால் இரணியல், குழித்துறை வழியாகப் பச்சையாகவே போகலாம், செலவும் குறைவு. நேமம் நிலையத்துக்கு இப்போது திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயரைத் தேடினால் செயலியில் குழப்பம் வரும். எக்ஸ்பிரஸ் வண்டிகளை நம்பி அங்கே இறங்கத் திட்டம் போடாதீர்கள், நிறுத்தம் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். எல்லை தாண்டியதும் ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லலாம். கேரளத்தில் 2022 முதல் ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறைந்த கட்டணம் 30 ரூபாய்.

நடுவில் மார்த்தாண்டத்தில் இறங்கிச் சாப்பிட்டது இந்தப் பயணத்தின் உச்சம். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சாளை (மத்தி) மீன் கறி. கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, துருவிய தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் தட்டிப் போட்டு மசித்திருந்தார்கள். வடிக்காமல் விட்டால் கசப்பு நிற்கும், மசியலும் பசையாகிவிடும். சாளைக் கறியில் தேங்காயை மல்லி, மிளகாயோடு வெண்ணெய்போல அரைத்திருந்தார்கள். நம் பக்கத்துச் சாதாரணப் புளிதான், குடம்புளி இல்லை. மீனைப் போட்ட பிறகு கரண்டி விடாமல் சட்டியைச் சுற்றி ஆட்டியிருக்க வேண்டும், ஒரு துண்டுகூட உடையவில்லை. மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய். ஒரு தட்டு போதாது.

இந்தக் கிழங்குக்கும் சத்யனுக்கும் தொடர்பு இருக்கிறது. திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பி வாழ்ந்த நாடு. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. ரேஷன் வந்தது, பஞ்சம் வந்தது, ஊரைக் காப்பாற்றியது மரச்சீனி. ஆறாமடைக்காரர் பட்டாள உடுப்பில் பர்மாப் பக்கம் நின்ற அதே வருடங்களில், அவர் ஊரிலும் மார்த்தாண்டத்திலும் அடுப்பில் வெந்தது இது. போர் என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1965-ல் கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய 'ஓடையில் நின்னு' படத்தில் ரிக்‌ஷா இழுக்கிற பப்புவாக அவர் நடித்ததைப் பாருங்கள். பசியை அழுது காட்ட மாட்டார். முதுகை நிமிர்த்தி வைத்திருப்பார், தோள் மட்டும் தளரும். பரேடில் நின்ற உடம்புக்குத்தான் அது வரும். சத்யனைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் 'செம்மீன்' பக்கம் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

நேமத்தில் மெரிலாண்டை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் பாளையம் போங்கள். எல்.எம்.எஸ். வளாகத்தில்தான் அவர் கல்லறை. மயிலாடியில் பார்த்த மூன்றெழுத்து இங்கே மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். இரத்தப் புற்றுநோயோடு நடித்துக்கொண்டே இருந்தவர், 1971 ஜூன் 15-ல் சென்னையில் இறந்தார். கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை 1969-ல், அது தொடங்கிய முதல் ஆண்டே, 'கடல்பாலம்' படத்துக்காக வாங்கினார். 'கரகாணாக்கடல்' படத்துக்கு 1971-ன் விருது வந்தபோது வாங்க அவர் இல்லை. இரண்டு பெயரிலும் கடல்.

அதனால்தான் திரும்பும் வழியில் களியக்காவிளையில் இறங்கிக் கொல்லங்கோடு வழியாகக் கடற்கரைக்குப் போனது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கேரள எல்லையிலிருந்து குழித்துறைத் தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி அல்ல) முகத்துவாரம் வரை ஒட்டி ஒட்டிக் கிடக்கும் எட்டு ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இந்தியக் கரையிலேயே பேர் பெற்றவை. 2017 ஒக்கிப் புயலில் இங்கே ஆளை இழக்காத தெரு இல்லை. வீட்டு வாசலில் படமெடுக்கக் கேமராவைத் தூக்காதீர்கள். கடலோரச் சாலையைக் கடல் அங்கங்கே தின்றுவிட்டது, பஸ் உள்சாலையில்தான் வரும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரை மீன்பிடித் தடைக்காலம். சத்யன் நினைவு நாள் அதற்குள் விழுகிறது. அப்போது போட்டு (விசைப்படகு) கடலுக்குப் போவதைப் பார்க்க முடியாது. ஆனால் தூண்டில் வேலை கரையில் நடக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

'செம்மீன்' படத்தில் சத்யன் செய்த பழனி, இரவில் தனியாக ஒரு சின்னத் தோணியில் போய்ப் பெரிய சுறாவைத் தூண்டிலில் மாட்டுகிறான். 1965-ஆம் ஆண்டுக்கு, தென்னிந்தியப் படங்களிலேயே முதலாவதாகக் குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் வாங்கிய படம் அது. படம் பிடித்தது இந்தக் கரையில் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் எது சரி, எது ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் தூத்தூரில் ஒரு தூண்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். நீளமான தலைக்கயிறு. அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள், நூற்றுக்கணக்கில். கிளையின் கடைசிப் பகுதி மட்டும் நைலான் இல்லை, கம்பி. நைலானாக இருந்தால் சுறா ஒரே கடியில் அறுத்துவிட்டுப் போய்விடும். மாட்டியதும் இழுக்கக் கூடாது. கயிறு விட்டுக் கொடுத்து, மீன் களைத்த பிறகுதான் கிட்டே கொண்டுவர வேண்டும். ஒருவர் கயிறு பார்க்க, ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் மீனைக் கொளுவித் தூக்கும் கொக்கியோடு நிற்க வேண்டும். இப்போதைய போட்டுகளில் பத்துப் பன்னிரண்டு பேர், வாரக்கணக்கில். பழனி ஒற்றை ஆள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தோணியைத் திருப்ப அவனுக்கு இன்னொரு கை இல்லை. சுறா இழுத்த பக்கம் தோணி போகிறது, அங்கே சுழி. அந்தக் காட்சியில் சத்யன் கயிற்றை விடாமல் இரண்டு காலையும் பலகையில் ஊன்றி நிற்கிற நிற்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். மறுநாள் கரையில் செத்து ஒதுங்கிய சுறாவின் வாயில் தூண்டில் அப்படியே இருக்கும்.