காதடியில ஒரு சுருள்

கிளிநொச்சிக் கூட்டத்துக்கு ஒரு அமைச்சர் வந்தவர். பாதுகாப்புக்கு நிண்டவையின்ர காதைப் பாத்திட்டு மருமகன் கேக்கிறான்: "மாமா, உவையிட்ட புளூடூத் வாங்கக் காசில்லையே?"

காசில்லாமல் இல்லையடா! காதடியில தெரியிற அந்தச் சுருள், வயரே இல்லை. வெறும் காத்துக்குழாய். ஸ்பீக்கர் கீழ கொலருக்குள்ள கிடக்கும், சத்தம் மட்டும் குழாயால ஏறி வரும். வயர் அங்கயிருந்து இடுப்பில கிடக்கிற வோக்கி ரோக்கிக்குப் போகுது. காதுப்பக்கம் பற்றரி இல்லை, சார்ஜ் இறங்கிற கதையுமில்லை.

புளூடூத் ஓடுறது 2.4 கிகாஹேர்ட்ஸ் எண்ட ரேடியோ அலைவரிசையில, வைஃபையும் அதில ஓடும். சனம் நெரிபடுற இடத்தில இடறும், வேணுமெண்டு குழப்பவும் ஏலும். வோக்கியையும் குழப்பலாம்தான், ஆனா ஏன் இன்னொரு ஓட்டையைக் கூட்டுவான்?

மருமகன் இயர்பட்டில ஒண்டைத் துலைச்சிட்டு ஒற்றைக் காதால பாட்டுக் கேக்கிறவர். இப்ப அவருக்கும் குழாய் வேணுமாம்.