டைவ் மலிவுதான், வேன் கூலிதான் கழுத்தை நெரிக்கிறது

ஸ்கூபா டைவுக்காக இந்தோனேசியாவின் வே தீவுக்குப் போய்ப் பலோஹான் ஜெட்டியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கடல் இல்லை, வேன்காரர்கள். "இபோயா? வாங்க வாங்க" என்று தங்கும் ஊரின் பெயரைச் சொல்லிப் பையை வாங்கி உள்ளே போட்டுவிடுவார்கள். விலை, போய்ச் சேர்ந்த பிறகுதான் வெளியே வரும். வண்டிக்கு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், தலைக்கு என்று அவர் நினைத்திருப்பார். மூன்று பேர் என்றால் மூன்று மடங்கு. அந்தக் காசில் அங்கே இன்னொரு டைவ் போட்டிருக்கலாமே என்பதுதான் வயிற்றெரிச்சல். ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: தலைக்கா, வண்டிக்கா, மொத்தம் எத்தனை ரூபியா? பதிலைக் கைப்பேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். மலேசியாக்காரர் நமக்குத்தான் மலாய் தெரியுமே என்ற தைரியத்தில் ஏறுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

மலிவான ஸ்கூபா இடங்கள் என்று தேடினால் எல்லாரும் ஒரு டைவின் விலையை மட்டும் வரிசையாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் பர்ஸ் கிழியும். கோலாலம்பூரிலிருந்து புறப்படுகிறவருக்குச் செலவு ஏறுவது விமானப் பைக் கட்டணத்தில், ஜெட்டிக்குப் போகும் கடைசி முப்பது கிலோமீட்டரில், படகு எண்ணெயில். சபாவின் சிப்பாடான் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். தவாவுக்கு விமானம், அங்கிருந்து செம்பூர்ணாவுக்கு வேன், அப்புறம் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணித் தரும் பெர்மிட். பெர்மிட் வேண்டுமென்றால் பல நாள் பேக்கேஜ் எடுக்கச் சொல்வார்கள். கடல் அருமைதான், மறுக்கவில்லை. சம்பளக்காரனுக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவைகூடக் கட்டுப்படியாகாது. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், அல்லது பத்து இருபது நிமிடப் படகில் போய்விடலாம் என்கிற இடங்கள்தான் நமக்குச் சரி.

செலவு, பருவம், இடம் என்று ஒழுங்காக எழுதத்தான் உத்தேசம். ஆனால் வே தீவு முந்திக்கொள்கிறது.

ஆச்சேயின் வடமுனையில், சுமத்ராவைத் தாண்டி இருக்கிறது புலாவ் வே. கோலாலம்பூரிலிருந்து பண்டா ஆச்சேவுக்கு ஒன்றரை மணி நேர விமானம். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து உலே லெயு துறைமுகம், அங்கிருந்து பலோஹானுக்கு வேகப்படகில் ஒரு மணி நேரத்துக்குள், வண்டிகளை ஏற்றும் பெரிய ஃபெரியில் இரண்டு மணி நேரம். பெரியது மலிவு. காற்று நாளில் வயிற்றுக்கும் அதுதான் நல்லது. ஆச்சே நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைக்கடிகாரத்தை மாற்றாமல் அவசரப்பட்டு டாக்சிக்குக் கேட்ட காசைக் கொடுப்பது இங்கே வழக்கமான வீண் செலவு.

தங்குவதற்கு இபோ அல்லது காப்பாங் கிராமம். இபோ எதிரே ருபியா தீவு, தொட்டுவிடும் தூரம். அங்குள்ள கடல் தோட்டம் புதியவர்களுக்கு ஏற்றது. அனுபவம் உள்ளவர்கள் பத்தே தோக்கோங்கைக் கேளுங்கள். ஒரே பாறை இடுக்கில் மூன்று நான்கு அஞ்சாலைகள் (பாம்பு மாதிரி நீண்ட மீன்) தலையை நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். கடிக்க வருவதில்லை, அது மூச்சு விடுகிற விதம். பந்தே பெனெத்தோங்கில் சரிவு முழுக்க விசிறிப் பவளம், மேலே பாரைக் கூட்டம். பிரியா லாவோட்டில் கடலடி மணலிலிருந்தே எரிமலைச் சூட்டில் குமிழிகள் கிளம்பும். அதே விரிகுடாவில் சோஃபி ரிக்மர்ஸ் என்ற ஜெர்மானியச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1940-ல் டச்சுக்காரர்கள் கையில் சிக்கக்கூடாது என்று மாலுமிகளே மூழ்கடித்தது. அது ஆழ டைவ் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். கடைக்காரர் "பரவாயில்லை, மேலாகப் பார்க்கலாம்" என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

வேயில் பிரச்சினை நீரோட்டம். இந்தியப் பெருங்கடல், அந்தமான் கடல், மலாக்கா நீரிணை மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலை அது. தண்ணீர் ஆறு மாதிரி ஓடும் நாட்கள் உண்டு. இங்கே நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிது, ஓட்டமும் பலம். அட்டமி, நவமி, தசமி வாக்கில் நிலவு பாதியாக இருக்கும். சூரியனும் நிலவும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் ஏற்ற இறக்கம் குறைவு, ஓட்டமும் தணிந்திருக்கும். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று பாட்டி சொல்லியிருப்பார். டைவுக்கு மட்டும் அந்த நாட்களையே பார்த்து டிக்கெட் போடுங்கள். டைவ் எண்ணிக்கை இருபதைத் தாண்டாதவர்களுக்கு இது யோசனை இல்லை, கட்டாயம்.

ஓட்டத்தில் குழு பிரிந்தால் என்ன செய்வது? ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், காணவில்லை என்றால் மேலே வரத் தொடங்குங்கள். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில்லுங்கள், அதுதான் சேஃப்டி ஸ்டாப், அப்போதே மிதவைக் குழாயை ஊதி மேலே விடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும். படகோட்டிக்கு அலைகளுக்கு நடுவே ஒரு தலை தெரியாது, குழாய் தெரியும். கடையில் ஒரு குழுவுக்கு ஒன்றுதான் தருவார்கள். சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை திட்டம் போடாதீர்கள். தொழுகை முடியும் வரை படகு இறங்காது. டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள், அன்றும் கடலில் இறங்குவதில்லை. பீர் எளிதில் கிடைக்காது. அதுவும் பட்ஜெட்டுக்கு நல்லதுதான். பதிலுக்கு மீ ஆச்சே இருக்கிறது. தடித்த மஞ்சள் மீ, நண்டை ஓட்டோடு உடைத்துப் போட்டு, சீரகமும் மிளகும் மிளகாயும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் இரும்புச் சட்டியில் பிரட்டித் தருவார்கள். கூடவே ஊறவைத்த சின்ன வெங்காயம், ஒரு எலுமிச்சைத் துண்டு. இரண்டு டைவ் முடித்து உப்புக் காய்ந்த முகத்தோடு அதைச் சாப்பிட்டால் நம் ஊர் மாமாக் கடை மீ கோரேங் பொறாமைப்படும். சைவக்காரர்கள்தான் பாவம். முட்டையும் சோறும் டெம்பேயும்தான் வழி.

அடுத்து துலாம்பென். பாலி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், கூட்டமெல்லாம் தெற்கே. விமானம் மலிவு. ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டினர் ஆளுக்கு 150,000 ரூபியா சுற்றுலா வரி கட்ட வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். விமான நிலையத்திலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். பஸ்ஸை நம்பிப் பயனில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் கட்டுப்படியாகும், தனியாகப் போனால் வண்டிக் கூலி இரண்டு டைவைத் தின்றுவிடும்.

அங்கே படகே வேண்டாம். லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவில் அடிபட்டுக் கரையில் ஏற்றப்பட்டது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்து முப்பது மீட்டர் நீந்தினால் கப்பல். மேல் பகுதி ஐந்து மீட்டரில், அடி முப்பதில். புதியவரும் பழையவரும் ஒரே இடத்தில் இறங்கலாம், அதனால்தான் செலவு குறைவு. ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்துக் கரை வரை கொண்டுவந்து தருவார்கள். அந்தக் கூலி பில்லில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் கையில் கொடுங்கள். அதில் பேரம் பேசுவது கேவலம்.

தெற்கிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஊரிலேயே தங்கி ஆறு மணிக்கு இறங்குங்கள். இரவு கப்பலுக்குள் உறங்கிய பெரிய கிளிமீன் கூட்டம், நெற்றி புடைத்த வகை, விடியலில் வெளியேறுவதைப் பார்க்கலாம். கரை மணல் இல்லை, உருண்டைக் கற்கள். கணுக்கால் பிசகுவது இங்கேதான், ஆழத்தில் இல்லை. தடித்த அடியுள்ள காலணி போடுங்கள். ஃபின்ஸை (காலில் மாட்டும் துடுப்பு) கையில் பிடித்துக்கொண்டு, மாஸ்க் போட்டு, மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயில் வைத்தபடி நடங்கள். பெரிய அலை இரண்டு மூன்று வந்து ஓயும் வரை நின்று, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் படுத்து ஃபின்ஸை மாட்டுங்கள். முழங்கால் ஆழத்தில் குனிந்து மாட்டுகிறவர்தான் உருண்டு போவார்.

திருகோணமலையைப் பற்றி நம் ஆட்கள் ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை. தமிழில் பேசிக்கொண்டே டைவ் போகக்கூடிய கடல் உலகத்தில் எத்தனை இருக்கிறது? கொழும்புக்கு விமானம், அங்கிருந்து 260 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு பகல் போகும். பருவம் மே முதல் செப்டம்பர் வரை, வாடைக்காற்று வந்தால் கடல் கலங்கிவிடும். கோணேசர் கோயில் மலையடியில் 1956-ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பழைய கோயிலின் தூண்களைக் கடலுக்கடியில் கண்டார்கள். செதுக்கிய கல்லின் மேல் பாசியும் பவளமும் ஏறிக் கிடக்கும். நிலாவெளி எதிரே புறாத் தீவுக்குப் போனால் மட்டும் எரிச்சல்: நுழைவுச் சீட்டு, சேவைக் கட்டணம், வரி, படகு வாடகை என்று படிப்படியாக ஏறும். பேச்சு தமிழாக இருந்தாலும் பாஸ்போர்ட் சிவப்பு, வெளிநாட்டுக்காரர் விலைதான். உப்புவெளியில் டைவ் முடித்துப் புட்டும் மீன் சொதியும் சாப்பிட்டால் கோபம் தணியும்.

மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கிடக்கிறது, 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். ஆழம் 53 மீட்டர். அங்கே அழுத்தம் 6.3 பார், கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். 200 பாரில் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டர் மொத்தமே 17 நிமிடம், அதுவும் மேலே வரக் காற்று மிச்சம் வைக்காமல். இரட்டைச் சிலிண்டர், வேறு வாயுக் கலவை, அதற்கான பயிற்சி இல்லாமல் யாரும் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடா பக்கம் 30 மீட்டருக்குள்ளேயே இருக்கிறது, அட்வான்ஸ்டு சான்றிதழ் போதும்.

விமானமே வேண்டாம் என்றால் தியோமான் தீவு. கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இரவு பஸ், விடியலில் மெர்சிங். தண்ணீர் வற்றினால் ஃபெரி நகராது, ஆகவே அன்றைய நேரத்தை முன்பே கேட்டு பஸ்ஸைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஜெட்டியில் அரை நாள் உட்கார வேண்டியதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடிக் கிடக்கும். அந்த நேரத்துக்குத்தான் வே.

பை விஷயம். மலிவு விமானத்தில் கைப்பை 7 கிலோ. மாஸ்க், டைவ் கணினி, மிதவைக் குழாய், காலணி, ரெகுலேட்டர் எல்லாம் அதற்குள் அடங்கும். டார்ச் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், கத்தி கூடாது. பிசிடி (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), வெட்சூட், ஃபின்ஸ் அங்கேயே வாடகைக்கு. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விடுங்கள், அந்த ஒரு நாள் அறை வாடகையும் செலவில் சேரும். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் ஸ்கூபாவுக்கு ஆழ வரம்பு வைத்திருக்கும். சிறு எழுத்தைப் படியுங்கள்.

மலிவுக் கடையில் வாடகைச் சாமான் வாங்கினால் படகில் ஏறும் முன்பே சோதியுங்கள். சிலிண்டர் தோளில் அச்சடித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். வால்வைக் கொஞ்சம் திறந்து காற்றை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் அல்லது புகை வாடை அடித்தால் வேறு சிலிண்டர். ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுத்துக்கொண்டே அழுத்தமானியைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஊசி கீழே விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்று தீர்ந்த துணைக்குக் கொடுக்கும் மாற்று வாய்க்கும் அதே சோதனை. பிசிடியை முழுதாக ஊதி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். சிலிண்டர் கழுத்தில் சீறும் சத்தம் என்றால் பெரும்பாலும் ஓ-ரிங். அந்தக் கறுப்பு வளையம் பையில் நான்கு இருந்தால் டைவ் ரத்தாகாது.